வசந்தகாலக் கரடி வேட்டை: சுடாமல் விட்ட கரடிகளைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ரொறொன்ரோவில் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவரோடு வேலை செய்யும் மூவர் கடந்த மே மாதம் ஒன்ராறியோவின் வடபகுதிக்குக் கருங்கரடி வேட்டைக்குச் சென்று, ஆறு நாட்கள் காட்டிலிருந்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பினார்கள். ஆனாலும் இரண்டு வாரங்களாக மதிய உணவு வேளைகளில் அவர்கள் பேசுவதெல்லாம் அந்த வேட்டையைப் பற்றித்தான். அதிலும் சுடாமல் விட்ட கரடிகளைப் பற்றித்தான். இது ஏன்? குட்டிகள் தாயோடு இருக்கும் காலத்தில் வேட்டையாடுவது முறையா? அடுத்த ஆண்டு தன்னையும் அழைக்கிறார்கள், போகலாமா?

நான் 2016 முதல் ஒவ்வொரு மே மாதமும் சட்பெரி நகருக்கு வடக்கே உள்ள காட்டில் சில நாட்களைப் பரண்மேல் கழித்து வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் நான் சுட்ட கரடிகள் மூன்று. பார்த்துவிட்டு விட்டவை எத்தனை என்று எண்ணி வைக்கவில்லை. ஆகவே உங்கள் நண்பர்களின் பேச்சு எனக்கு வியப்பைத் தரவில்லை. வசந்தகாலக் கரடி வேட்டையில் துப்பாக்கிக்கு இருக்கும் வேலை மிகக் குறைவு. எதிரே நிற்பது ஆணா பெண்ணா, பெண் என்றால் அருகில் குட்டி உண்டா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்வதுதான் அந்த வேட்டையின் பெரும்பகுதி. அந்த உறுதி கிடைக்காதவரை சுடக் கூடாது. பல நாட்களில் அது கிடைப்பதே இல்லை.

இது விளங்க, கரடியின் ஆண்டு எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கருங்கரடிகள் ஜூன், ஜூலை மாதங்களில் இணைசேர்கின்றன. ஆனால் கரு உடனே கருப்பையில் பதிந்து வளர்வதில்லை. இலையுதிர் காலத்தில் தாய் போதிய கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு குகைக்குள் சென்ற பிறகே அது வளரத் தொடங்குகிறது. ஜனவரி மாதத்தில், வெளியே உறைபனி கொட்டிக் கிடக்கும்போது, கால் கிலோ அளவேயான குட்டிகள் பிறக்கின்றன. வட ஒன்ராறியோவில் கரடிகள் ஐந்தாறு மாதங்களைக் குகைக்குள்ளேயே கழிக்கின்றன. அந்தக் காலம் முழுவதும் அவை உண்பதில்லை, நீர் அருந்துவதில்லை, கழிவையும் வெளியேற்றுவதில்லை. அப்படிப் பட்டினி கிடக்கும் உடலிலிருந்தே தாய் பாலும் கொடுக்கிறது. பனி கரையத் தொடங்கியதும் முதலில் வெளியே வருபவை முதிர்ந்த ஆண்கரடிகள்; அந்த ஆண்டு பிறந்த குட்டிகளை உடைய தாய்க்கரடிகள் கடைசியாகவே வருகின்றன, வந்த பிறகும் சில நாட்கள் குகையை விட்டு அதிகத் தூரம் போவதில்லை. குட்டிகள் தாயை விட்டுப் பிரிவது அடுத்த ஆண்டின் கோடைத் தொடக்கத்தில், ஏறத்தாழ 16 அல்லது 17 மாத வயதில்.

இங்கே மே 1 முதல் ஜூன் 15 வரை வேட்டைப் பருவம் திறந்திருப்பதில், கரடிகள் குகையைவிட்டு வெளிவரும் இந்த வரிசைக்குப் பெரும் பங்கு உண்டு. மே மாதத் தொடக்கத்தில் இரையிடத்துக்கு, அதாவது கரடியை வரவழைக்க நாங்கள் உணவு வைக்கும் இடத்துக்கு, வருபவற்றில் ஆண்கள் அதிகம். நாட்கள் செல்லச் செல்ல, பெண்கரடிகளைக் காணும் வாய்ப்பும், அதனால் தவறு நேரும் வாய்ப்பும் கூடுகின்றன. ஜூன் மாதத்தில் இணைதேடி அலையும் பெரிய ஆண்கரடிகள் பகலிலும் நடமாடும் என்பதால் அந்தக் கடைசி நாட்களுக்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் அதற்குள் கரடிகள் மரத்தில் உடலைத் தேய்த்துத் தேய்த்து, ரோமம் திட்டுத் திட்டாக உதிர்ந்துவிடுகிறது. இப்போதெல்லாம் நான் மே மாதத்தின் முதல் பாதியிலேயே போய்வந்துவிடுகிறேன். ரோமத்துக்காக அன்று, தாய்க்கரடிகள் இன்னும் குறைவாக நடமாடும் காலம் அது என்பதற்காக.

ஒன்ராறியோவின் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வசந்தப் பருவத்தில் குட்டியையோ, குட்டியுள்ள தாயையோ சுடுவது குற்றம். 25,000 டொலர் வரை தண்டமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். ஆனால் சட்டம் தெளிவாக இருப்பதால் காட்சியும் தெளிவாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நம் ஊர்க் கரடியை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டு மலைக்காடுகளிலும் இலங்கையின் வறண்ட காடுகளிலும் வாழும் கரடி, குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு நடக்கும். தூரத்தில் கண்டாலும் அது தாய் என்று சிறுபிள்ளையும் சொல்லிவிடும். இங்குள்ள கருங்கரடி அப்படிச் செய்வதில்லை. ஆபத்து இருக்கலாம் என்று தோன்றினால் குட்டிகளை ஒரு பெரிய மரத்தில் ஏற்றிவிட்டுத் தனியாகவே இரையிடத்துக்கு வரும். குட்டிகள் நூறு மீற்றர் தள்ளி, அடர்ந்த ஊசியிலை மரத்தின் உச்சியில் சத்தமின்றி இருக்கும். பரணில் இருப்பவரின் கண்ணுக்குத் தெரிவது தனியாக நிற்கும் ஒரு கரடி மட்டுமே.

எனக்கு இரண்டாவது பருவத்தில் நேர்ந்ததைச் சொல்கிறேன். மே மாதம் இருபதாம் நாளுக்குப் பிந்திய ஒரு மாலை. எட்டரை மணி இருக்கும். நல்ல உருவமுள்ள கரடி ஒன்று பரணுக்கு எதிரே இருந்த பொப்லார் மரங்களுக்கிடையிலிருந்து வந்து இரை வைத்திருந்த பீப்பாயின் அருகே நின்றது. அகன்ற தலை, தடித்த கழுத்து. ஆண் என்றே மனம் முடிவு செய்துவிட்டது. ரைபிளின் பாதுகாப்புக் கொக்கியை நீக்கியும்விட்டேன். அப்போது அது ஒரு வாய் ஓட்ஸை எடுத்துவிட்டு, தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. சற்று நேரத்தில் மறுபடியும் அதே பக்கம் பார்த்தது. காட்டில் எச்சரிக்கையோடு இருக்கும் கரடி நான்கு பக்கமும் பார்க்கும். இது ஒரே இடத்தைத்தான் பார்த்தது. கொக்கியை மீண்டும் போட்டுவிட்டுத் தொலைநோக்கியை எடுத்தேன். ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்து அது தொண்டைக்குள் ஒரு மெல்லிய உறுமல் கொடுத்தது. மரப்பட்டையை நகம் பிறாண்டும் ஓசை கேட்டது. பூனையைவிடச் சற்றே பெரிய இரண்டு குட்டிகள் பின்பக்கமாக இறங்கி வந்தன. அவை போன பிறகு இருட்டும்வரை என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த இருபது நிமிடம் நான் காத்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை இன்றும் நினைக்கிறேன். அந்த வயதில் தாயை இழக்கும் குட்டி உயிர் பிழைப்பது மிக அரிது.

உங்கள் நண்பர்கள் பேசிக்கொள்வதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட அடையாளங்களைப் பற்றித்தான் இருக்கும். முதிர்ந்த ஆணின் தலை மிக அகலமாக வளர்ந்துவிடுவதால் காதுகள் சிறியவையாகவும், தலையின் இரு ஓரங்களில் ஒன்றையொன்று விட்டு விலகியவையாகவும் தோன்றும். பெண்ணுக்கும் இளங்கரடிக்கும் காதுகள் முகத்துக்குப் பெரியவையாக, மேல்நோக்கி நிற்கும். பெண்ணின் முன்னங்கால் பாதத்துக்கு மேலே மணிக்கட்டுப் போலச் சற்று ஒடுங்கும். ஆணுக்கு அந்த ஒடுக்கம் இல்லாமல் தூண்போல இறங்கும். ஆண் நடக்கும்போது தோள்கள் அசைந்து அசைந்து, அந்த இடம் தன்னுடையது என்பதுபோல வரும். அளவைக் கணிக்கப் பீப்பாய் உதவுகிறது: இரை வைக்கும் 205 லீற்றர் இரும்புப் பீப்பாய் நிமிர்ந்து நின்றால் உயரம் ஏறத்தாழ 88 சென்ரிமீற்றர், பெரிய ஆண் நான்கு காலில் நிற்கும்போது அதன் முதுகு பீப்பாயின் மேல்விளிம்பை நெருங்கிவிடும், இரண்டு வயதுக் கரடியின் முதுகு பாதியைத் தாண்டினாலே அதிகம். ஆனால் இவற்றில் எந்த ஒன்றையும் தனியாக நம்பக் கூடாது. என் கண்முன் நின்ற தாய்க்கரடிக்கும் தலை அகலமாகத்தான் இருந்தது. எல்லா அடையாளமும் ஒத்துவந்த பிறகும், கரடி இரையருகே நெடுநேரம் இருந்து, வந்த வழியை ஒருமுறையும் திரும்பிப் பாராமல் இருந்தால்தான் நான் துப்பாக்கியைத் தொடுகிறேன்.

இரை வைத்துச் சுடுவதே தவறு என்று கருதுவோர் பலர் உண்டு. அவர்களுடைய மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெயில் படும் மலைச்சரிவுகளில் புதுப்புல் மேயவரும் கரடியைத் தூரத்திலிருந்து தொலைநோக்கியால் கண்டு, நடந்து நெருங்கிச் சுடுகிறார்கள். வட ஒன்ராறியோவின் காடு அப்படித் திறந்ததன்று. பத்து அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத புதர்க்காடு. இங்கே நடந்து தேடுபவர் கரடியைக் கண்டால் ஒரு நொடிதான் காண்பார், அந்த ஒரு நொடியில் ஆண், பெண், குட்டி எதையும் உறுதி செய்ய முடியாது. இரையிடம் அந்தக் கரடியைப் பத்து, இருபது நிமிடம் ஒரே இடத்தில் நிற்க வைக்கிறது. ஓட்ஸ், வெதுப்பகத்தில் மிஞ்சிய பாண், பயன்படுத்திய சமையல் எண்ணெய், பீவரின் இறைச்சி ஆகியவை வழக்கமான இரைகள். சாக்லேட் மட்டும் கூடவே கூடாது. 2014இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் இரையாக வைத்த சாக்லேட்டைத் தின்று நான்கு கரடிகள், அவற்றுள் இரண்டு குட்டிகள், இறந்து கிடந்தன.

காற்றைப் பற்றி அவர்கள் கதை கதையாகச் சொல்லியிருப்பார்கள். கரடியின் பார்வை நாம் எண்ணுவதைவிட நன்றாகவே இருக்கும், ஆனால் அதன் மோப்பத்துக்கு முன் அது ஒன்றுமில்லை. மாலையில் நிலம் குளிரும்போது காற்று பள்ளத்தை நோக்கி வழிந்து இறங்கும். ஐந்து மணிக்கு உங்களுக்குச் சாதகமாக இருந்த பரண் எட்டு மணிக்கு உங்கள் வாசனையை நேராக இரையிடத்தின் மேல் கொண்டுபோய்க் கொட்டும். அப்போது காட்டுக்குள் ஒரு சுள்ளி ஒடியும் ஓசை கேட்கும், பிறகு ஒன்றும் கேட்காது. பெரிய கரடி வந்து, முகர்ந்து, திரும்பிவிட்டது என்று பொருள். சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரைதான் சட்டப்படி சுடலாம். அந்தக் கடைசி அரை மணியில் கரிய ரோமமும் கரிய நிழலும் ஒன்றாகிவிடுகின்றன. பெரிய கரடிகள் வரும் நேரமும் அதுவே. வெளிச்சம் போதவில்லை என்று துப்பாக்கியை இறக்கியவரின் அனுபவத்தை மற்ற வேட்டைக்காரர்கள் மதிப்போடு கேட்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, முறையா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த மாகாணம் முழுவதும் அதே கேள்வியால் பல ஆண்டுகள் பிளவுபட்டு நின்றது. 1999 ஜனவரியில் அன்றைய மாகாண முதல்வர் மைக் ஹாரிஸின் அரசு வசந்தகால வேட்டையை ஒரே அறிவிப்பில் நிறுத்தியது; தாயிழந்த குட்டிகளைக் காட்டி விலங்குநல அமைப்புகள் நடத்திய பெரும் பரப்புரையே அதற்கு முதன்மைக் காரணம். அமெரிக்க வேட்டைக்காரர்களை நம்பியிருந்த வடபகுதி விடுதிக்காரர்கள் பலருக்கு அது பேரிடியானது. வேட்டைக்காரர்களின் கூட்டமைப்பு நீதிமன்றம் சென்றும் வெல்லவில்லை. பின்னர், ஊருக்குள் கரடிகள் அதிகம் வருகின்றன என்ற வடபகுதி மக்களின் முறையீட்டை அடுத்து, 2014இல் வனவிலங்கு மேலாண்மைக்கென வகுத்த நிலப்பிரிவுகளுள் எட்டில் மாகாண வாசிகளுக்கு மட்டும் சோதனை முறையில் அனுமதி தரப்பட்டது. 2016இல் அது விரிவாக்கப்பட்டு வெளியாருக்கும் திறக்கப்பட்டது. 2021இல் நிலையான பருவமாயிற்று. மற்ற இடங்களில் முடிவு வேறாக இருந்திருக்கிறது: கொலராடோ 1992இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலமும், வாஷிங்டன் மாநிலம் 2022இல் அதன் வனவிலங்கு ஆணையத்தின் முடிவாலும் வசந்தகால வேட்டையை நிறுத்தின.

ஊருக்குள் வரும் கரடிகளைக் குறைக்க வசந்தகால வேட்டை தேவை என்று வேட்டைக்காரர்கள் பலர் இன்றும் சொல்கிறார்கள். நானும் வேட்டைக்காரன்தான், ஆயினும் இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஒன்ராறியோவின் தரவுகளைக் கொண்டு மாகாண அரசின் ஆய்வாளர்கள் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு, மனிதருக்கும் கரடிக்கும் இடையிலான மோதல் காட்டின் உணவு விளைச்சலைப் பொறுத்தே ஏறி இறங்குகிறது, முந்தைய வேட்டையின் அளவைப் பொறுத்தன்று எனக் கண்டது. புளூபெரி காய்க்காத ஆண்டில் கரடி குப்பைத்தொட்டியைத் தேடி வரும். நன்றாகக் காய்த்த ஆண்டில் வராது. வீட்டு வாசலுக்கு வரும் கரடி பெரும்பாலும் தாயை விட்டுப் பிரிந்த இளங்கரடி, பரணிலிருந்து நாங்கள் தேடுவதோ காட்டின் உள்ளே வாழும் முதிர்ந்த ஆண். வசந்தகால வேட்டைக்குச் சரியான நியாயம் வேறு. ஒன்ராறியோவில் 85,000 முதல் 1,05,000 வரை கருங்கரடிகள் இருப்பதாக மாகாண அரசு மதிப்பிடுகிறது. கட்டுப்பாட்டோடு சிறு பங்கை எடுக்க அந்த எண்ணிக்கை இடம் கொடுக்கிறது. இலையுதிர் காலத்தைவிட வசந்தத்தில் எடுக்கப்படுபவற்றில் ஆண்களின் பங்கு அதிகம் என்பதால் இனப்பெருக்கத்துக்குப் பாதிப்பும் குறைவு. வடபகுதிப் பெண்கரடி முதல் ஈற்றுக்கே ஐந்து முதல் ஏழு வயதுவரை எடுத்துக்கொள்கிறது, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈனுகிறது என்பதை நினைத்தால், ஒரு தாயைத் தவறாகச் சுடுவதன் இழப்பு எவ்வளவு பெரிது என்பது விளங்கும். ஆகவே என் பதில் இது: பார்த்து உறுதி செய்யப் பொறுமை உள்ளவருக்கு இது முறையான வேட்டை, அந்தப் பொறுமை இல்லாதவருக்கு இந்தப் பருவம் மூடியிருப்பதே நல்லது.

சுட்ட பிறகு நடப்பதை உங்கள் நண்பர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள், அவர்கள் சுடவில்லையே. கரடி பக்கவாட்டில் நின்று, நம் பக்கத்து முன்னங்காலை முன்னே நீட்டி வைக்கும்வரை காத்திருந்து, தோளுக்குச் சற்றுப் பின்னே நுரையீரலைக் குறிவைக்க வேண்டும். நன்றாகப் பட்ட கரடி ஐம்பது மீற்றருக்குள் விழுந்துவிடும். விழுந்த இடத்திலிருந்து பெரும்பாலும் ஒரு நீண்ட முனகல் எழும். மனிதக் குரலுக்கு மிக நெருங்கிய குரல் அது. முதல் முறை அதைக் கேட்டபோது நான் பரணிலிருந்து இறங்க நெடுநேரம் ஆயிற்று. இந்நிலத்தின் மூத்த குடிகளான அனிஷினாபே மக்கள் கரடியை மக்வா என்று அழைக்கிறார்கள். அவர்களுடைய குலங்களுள் ஒன்று கரடிக்குலம். எடுத்த உயிருக்கு நன்றியாக நிலத்தில் புகையிலை வைக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. அந்த முனகலைக் கேட்ட எவருக்கும் அந்த வழக்கத்துக்கு விளக்கம் தேவைப்படாது.

அதற்கப்புறம் நேரத்தோடு போட்டி. கரடியின் ரோமமும் கொழுப்பும் உடற்சூட்டை வெளியே விடுவதில்லை. மே மாதத்தில் சில நாட்கள் வெயில் 20 பாகைக்கு மேல் ஏறும். என் முதல் கரடியை இரவு முழுவதும் தோலோடு விட்டுவிட்டுக் காலையில் உரித்தேன்; பின்தொடையின் உள்ளே, எலும்பை ஒட்டிய இறைச்சி கெட்டுப்போயிருந்தது. இப்போது இரவோடு இரவாகத் தோலை உரித்து, துண்டு போட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்த பிறகே உறங்குகிறேன். புல்லும் தளிரும் பொப்லார் பூக்கதிரும் தின்ற வசந்தகாலக் கரடியின் இறைச்சி, மாட்டிறைச்சியைப்போல நல்ல நிறத்தோடு இருக்கும். எங்கள் வீட்டில் மிளகு தூக்கலாகப் போட்டு, குறைந்த நெருப்பில் மூன்று மணி நேரம் வேகும் குழம்பாகவே சமைக்கிறோம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கரடி இறைச்சியில் டிரைக்கினெல்லா என்னும் புழுவின் இளநிலை இருக்கலாம். வடபுலத்தில் உள்ள வகை உறைய வைத்தாலும் சாவதில்லை. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தின் வடபகுதியில் சுடப்பட்ட ஒரு கரடியின் இறைச்சி 45 நாட்கள் உறைநிலையில் வைக்கப்பட்டிருந்தும், 2022இல் அதைச் சரியாக வேகாத கெபாப்பாக உண்ட ஒரு குடும்பத்தில் ஆறு பேருக்கு நோய் கண்டது. அவர்களுள் இருவர் இறைச்சியைத் தொடாமல், அதோடு சேர்த்துச் சுட்ட காய்கறிகளை மட்டுமே உண்டவர்கள். உள்ளே 74 பாகை செல்சியஸ் வரை வெந்தாக வேண்டும், வெப்பமானியால் குத்திப் பாருங்கள். இன்னொன்று, கரடியின் பித்தப்பையைத் தனியே எடுத்து வைத்திருப்பது இங்கே குற்றம்; ஊரில் மருந்துக்கு என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

போகலாமா என்ற கேள்விக்கு: போங்கள், ஆனால் முதல் ஆண்டு துப்பாக்கி இல்லாமல் போங்கள். வேட்டைக் கல்வி வகுப்பையும் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பையும் முடித்து உரிமம் பெறுவதற்கு எப்படியும் மாதங்கள் ஆகும். இந்த முறை நண்பர்களில் ஒருவருடன் பரணில் உட்கார்ந்து பார்த்தாலே போதும். நடந்து போகும்போதும் வரும்போதும் வேட்டைக்காரர் செம்மஞ்சள் மேலங்கியும் தொப்பியும் அணிய வேண்டும் என்பது சட்டம். கூடப் போகும் நீங்களும் அணியுங்கள். மே நடுப்பகுதியிலிருந்து ஓடைகளில் பிறக்கும் கறுப்பு ஈக்கள் காதுக்குப் பின்னாலும் மணிக்கட்டிலும் கடித்து இரத்தம் வரவைக்கும். முகத்துக்கு வலையும் கைக்கு உறையும் கொண்டுபோங்கள், வாசனைத் தைலம் எதுவும் பூச வேண்டாம். நல்ல தொலைநோக்கி ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். வரும் ஒவ்வொரு கரடியையும் ஆணா பெண்ணா என்று மனத்துக்குள் முடிவு செய்து, எந்த அடையாளத்தால் முடிவு செய்தீர்கள் என்பதைச் சிறு குறிப்பேட்டில் எழுதி, அது திரும்பிப் போகும்வரை காத்திருந்து, உங்கள் முடிவு சரியா என்று பாருங்கள். நான் இன்னமும் அந்தக் குறிப்பேட்டை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பருவத்திலும் அதில் இரண்டு மூன்று வரிகளை அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது.